கட்டும் உறையும்: நிணநீர் வீக்கத்தோடு சென்னையில் சில ஆண்டுகள்

நிணநீர் வடிய வழியின்றித் தேங்கிக் கையோ காலோ வீங்குவதுதான் நிணநீர் வீக்கம். அதற்கு இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) என்றதும் எல்லோரும் மசாஜைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். என் இடது கையை இன்று என் கையாக வைத்திருப்பது கட்டும், கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறையும்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சையின்போது அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளை எடுத்தார்கள். பிறகு கதிர்வீச்சு. எல்லாம் முடிந்து வெகுநாள் கழித்து இடது கை வளையல் கழற்ற வராமல் இறுகியது. முன்கையில் விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. நீர் பிரியும் மாத்திரை கேட்டேன்; மருத்துவர் மறுத்துவிட்டார். தேங்குவது வெறும் நீரல்ல, புரதமும் சேர்ந்தது. மாத்திரையால் அந்தப் புரதம் வெளியேறாது என்று விளக்கினார்.

முதல் சில வாரங்கள் வாரத்தில் பெரும்பாலான நாட்கள் பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். 1930களில் டென்மார்க்கைச் சேர்ந்த வோடர் தம்பதியர் வகுத்த முறையைத் தழுவிய கைவழி வடிப்பு அது, அதாவது தேங்கிய நிணநீரைக் கையால் மென்மையாகத் தடவி வடியவைக்கும் மசாஜ். வீங்கிய கையை பிசியோதெரபிஸ்ட் கடைசியில்தான் தொடுவார். கழுத்திலும் மறுபக்க அக்குளிலும் வழியைத் திறந்துவிட்டுத்தான் இங்கே வருவார். "அக்கா, தோல் நகர்ந்தால் போதும், சதை அமுங்கவே கூடாது" என்பார். நிணநீர் நாளங்கள் தோலுக்குச் சற்றே கீழே ஓடுவதால் மென்மையாகத் தடவினாலே போதுமாம்.

அடுத்தது கட்டு. பருத்தி உறை, ஒவ்வொரு விரலுக்கும் மெல்லிய துணி, பஞ்சு அடுக்கு, அதன்மேல் அதிகம் இழுபடாத பேண்டேஜ். மணிக்கட்டில் இறுக்கம் அதிகம், மேலே போகப்போகக் குறைவு. மருந்துக் கடையில் கிடைக்கும் கிரேப் பேண்டேஜ் இதற்கு உதவாது. தசை அசையும்போது அதுவும் சேர்ந்து நீண்டுவிடும். இழுபடாத பேண்டேஜ் விறைப்பாக நிற்பதால் தசையின் அசைவே நீரை மேலே தள்ளுகிறது. அதனால்தான் கட்டோடு உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார்கள். கத்திரி வெயிலில் அந்தக் கட்டுக்குள் வியர்த்து அரிக்கும் அரிப்பைப் பட்டவர்தான் அறிவார். இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு தினமும் துவைத்து மாற்றியதால்தான் தாங்க முடிந்தது.

வீக்கம் வடிந்து அளவு நிலைத்த பிறகு அழுத்த உறை வந்தது. எனக்கு இரண்டாம் வகுப்பு, அதாவது 23 முதல் 32 மி.மீ. பாதரச அழுத்தம். முதலில் வாங்கிய ஆயத்த உறை மேல்விளிம்பில் சுருண்டு சதையை வெட்டியது, புறங்கையும் வீங்கியது. அளவெடுத்துத் தைத்த உறையும் தனிக் கையுறையும் போட்ட பிறகே சரியானது. காலையில் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு உறையை மேலே ஏற்றுவேன், நகம் பட்டால் இழை போய்விடும். இரவில் மென்சோப்பில் அலசி நிழலில் காயவைப்பேன். ஏறக்குறைய ஆறு மாதத்தில் இறுக்கம் தளர்ந்துவிடுகிறது, புதிது வாங்கத்தான் வேண்டும். என் காப்பீடு இதற்கு ஒரு பைசாவும் தரவில்லை. வாழ்நாள் முழுக்கத் தேவைப்படும் பொருளை அழகுச் சாதனம் போல ஒதுக்குவது அநியாயம்.

ஒரு மழைக்காலத்தில் கொசுக்கடியைச் சொறிந்த இடம் மாலைக்குள் சிவந்து சுட்டது, குளிர்க்காய்ச்சலும் வந்தது. அன்றிரவே மருத்துவமனைக்குப் போய் ஆன்டிபயாட்டிக் தொடங்கினோம். இப்படிப்பட்ட தொற்றுக்கு விடியும்வரை காத்திருக்கவே கூடாது. குளித்ததும் தோலுக்கு ஈரப்பத கிரீம், மீன் ஆயும்போது கையுறை, ஊசிக்கு வலது கை என்று இப்போது எல்லாம் பழகிவிட்டது.

"அந்தக் கையால் ஒரு சொம்புகூடத் தூக்காதே" என்று உறவினர்கள் இன்றும் சொல்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்குப் பின் கை வீங்கிய பெண்கள் படிப்படியாக எடை தூக்கியதால் வீக்கம் கூடவில்லை என்று 2009இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. பிசியோதெரபிஸ்ட்டின் மேற்பார்வையில் உறை மாட்டிக்கொண்டு அரைக் கிலோவில் தொடங்கினேன். இப்போது தண்ணீர்க் குடத்தை நானே இறக்கி வைக்கிறேன். கையைச் சுற்றிக் காற்றால் அமுக்கும் காற்றழுத்த இயந்திரத்தையும் வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன். சுகமாக இருந்தது, ஆனால் கட்டின் வேலையை அது செய்யவில்லை.

சென்னையில் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் முதலில் விசாரியுங்கள். சிகிச்சை தருபவர் இரு கைகளையும் ஒரே இடங்களில் நாடாவால் அளந்து எழுதிய பிறகு தொடங்குகிறாரா என்று பாருங்கள். கட்டுப் போட உங்களுக்கும் வீட்டில் ஒருவருக்கும் கற்றுத் தருவாரா என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.