ஓனரைப் பார்க்காமல் லீஸ் பணம் கொடுக்காதீர்கள்: எங்கள் 8 லட்சம் போச்சு

பள்ளிக்கரணையில் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட். ஓனர் துபாயில் இருக்கிறார், வீட்டைப் பராமரிப்பது நான்தான் என்றார் ஒருவர். ஆபீஸ், போர்டு, ரசீது புத்தகம் எல்லாம் வைத்திருந்தார். 8 லட்சம் லீஸ், 2 வருஷம், மாத வாடகை கிடையாது. என் நகையை அடகு வைத்து, மாமனார் கொடுத்ததையும் சேர்த்துப் புரட்டினோம். பணம் போட்டது அந்த மேனேஜர் கணக்கில்.

ஓனர் நம்பர் கேட்டால், "சார் எப்பவும் மீட்டிங்ல இருப்பார், எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க மேடம்" என்பார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பாத்ரூம் சுவரில் தண்ணீர் கசிந்தபோது, "ஓனர் தர மாட்டேங்கிறார்" என்றார். நாங்களே 6,500 செலவழித்தோம்.

14-ஆம் மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் ஓனர் நிற்கிறார். "மூணு மாசமா வாடகை வரலையேம்மா, எப்ப காலி பண்றீங்க?"

மேனேஜர் எங்களுக்கும் ஓனருக்கும் அனுப்பிய மெசேஜ்களை, இரண்டு ஃபோனையும் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தோம். ஓனரைப் பொறுத்தவரை நாங்கள் மாதம் 18,000 வாடகைக்கு இருப்பவர்கள். அவரிடமிருந்த ஒப்பந்தத்தில் என் கணவர் பெயரில் யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதே கசிவுக்கு மேனேஜர் அவரிடம் 11,000 வாங்கியிருக்கிறான். அனுப்பிய ஃபோட்டோ நான் எடுத்தது. ஓரத்தில் என் மகளின் மஞ்சள் வாளி தெரிகிறது. எங்கள் பணத்திலிருந்தே அவருக்கு மாதாமாதம் "வாடகை" கொடுத்துவிட்டு, இப்போது ஆளையே காணோம்.

ஓனர் அவனுக்குக் கொடுத்திருந்தது வாடகை வசூலிக்கவும் ரிப்பேர் பார்க்கவும் ஒரு கடிதம் மட்டும். லீஸ் பேசிப் பணம் வாங்கப் பவர் பத்திரம் எதுவும் இல்லை. அதைக் காட்டச் சொல்லி நாங்கள் கேட்கவும் இல்லை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். "அதெல்லாம் வீண் செலவு மேடம்" என்றான், விட்டுவிட்டோம். வில்லங்கம் போட்டுப் பார்த்திருந்தால் ஓனர் பெயர் தெரிந்திருக்கும். அதைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். நம்பர் எங்கள் அசோசியேஷன் செயலாளரிடமே இருந்திருக்கிறது, ஒரு மாடி கீழே.

ஓனரும் நாங்களும் சேர்ந்தே போலீஸில் புகார் கொடுத்திருக்கிறோம். மகளின் பரீட்சை முடியும்வரை இருந்துகொள்ளச் சொல்லியிருக்கிறார். அதன்பிறகு வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கக்கூட எங்களிடம் பணமில்லை.

மேடவாக்கம், பள்ளிக்கரணை பக்கம் மேனேஜர் மூலமாக லீஸுக்கு இருப்பவர்கள், தயவுசெய்து இன்றைக்கே ஓனரிடம் நேரடியாகப் பேசிவிடுங்கள். மேனேஜர் கொடுக்கும் நம்பரில் வேண்டாம், அசோசியேஷனில் கேட்டு வாங்குங்கள்.