கிளாம்ஏவி: லினக்ஸில் ஆன்டிவைரஸ் யாருக்குத் தேவை?

கிளாம்ஏவி ஓர் ஆன்டிவைரஸ் மென்பொருள். இலவசம், ஓப்பன் சோர்ஸ். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். 2007-இல் சோர்ஸ்ஃபயர் என்ற பாதுகாப்பு நிறுவனம் இதை வாங்கியது, 2013-இல் சிஸ்கோ அந்த சோர்ஸ்ஃபயரையே வாங்கியது. இப்போது பராமரிப்பது சிஸ்கோவின் டாலோஸ் குழு. மூன்று சிஸ்டத்திலும் ஓடுகிறதே, மூன்றையும் ஒரே மாதிரி காக்கும் என்று நம்பி இன்ஸ்டால் செய்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

விண்டோஸில் இது வேண்டாம். ஃபைலைத் திறக்கும் நொடியிலேயே தடுக்கும் ரியல்டைம் வசதி இதன் விண்டோஸ் பதிப்பில் கிடையாது, சொடுக்குவதற்கு ஒரு ஜன்னலும் கிடையாது. விண்டோஸ் 8 முதல் கூடவே வரும் டிஃபெண்டர் அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது. அதை அணைக்காமல், அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருந்தால் வீட்டுக் கணினிக்குப் போதும். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை பரவியபோது, அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச்சிலேயே வந்திருந்தது. அதைப் போட்டிருந்த கணினிக்குள் அந்த ஓட்டை வழியாக அதனால் நுழைய முடியவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதில் ஆன்டிவைரஸை மாற்றி மாற்றிப் போடுவதைவிட சிஸ்டத்தை மாற்றுவதே பாதுகாப்பு.

மேக்கிலும் கதை ஏறக்குறைய இதுதான். வைரஸைக் கண்டுபிடிக்கும் எக்ஸ்ப்ரொடெக்ட் 2009 முதல் உள்ளேயே இருக்கிறது, அறிமுகமில்லாத ஆப்பைத் தடுக்கும் கேட்கீப்பர் 2012-இல் சேர்ந்தது. அதே 2012-இல் ஃப்ளாஷ்பேக் ட்ரோஜன் சுமார் 6 லட்சம் மேக்குகளைப் பிடித்தது, ஜாவாவில் இருந்த ஓட்டை வழியாக. ஆக, மேக்குக்கு வைரஸே வராது என்ற பேச்சு அப்போதே செல்லாக்காசாகிவிட்டது. பிறருக்கு அனுப்பும் ஃபைல்களைச் சோதிக்க மட்டும் மேக்கில் கிளாம்ஏவி வைத்துக்கொள்ளலாம். ஹோம்ப்ரூ என்ற பேக்கேஜ் மேனேஜர் மூலம் போட்டதும், வைரஸ் பட்டியலைப் பதிவிறக்கும் ஃப்ரெஷ்கிளாம் ஓடாமல் முரண்டு பிடிக்கும். மாதிரி கான்ஃபிக் ஃபைலை நகலெடுத்து, அதன் தொடக்கத்தில் 'எக்ஸாம்பிள்' என்று தனியாக நிற்கும் வரியை நீக்க வேண்டும். அந்த வரி, கான்ஃபிக்கைப் படிக்காமல் யாரும் ஓட்டிவிடக் கூடாது என்று வேண்டுமென்றே வைத்தது. டெர்மினலுக்கு 'ஃபுல் டிஸ்க் ஆக்சஸ்' தராவிட்டால் பாதி ஃபோல்டர்களில் அனுமதி இல்லை என்று திரும்பிவிடும்.

இனி லினக்ஸ். உங்கள் லினக்ஸ் கணினியைக் காப்பாற்ற என்று இதைப் போட்டால் பலன் சொற்பம். லினக்ஸ் சர்வருக்குள் ஆட்கள் நுழைவது பெரும்பாலும் எளிதில் யூகிக்கக்கூடிய எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்நுழையும் வழி) பாஸ்வேர்ட், பேட்ச் போடாத வெப் மென்பொருள் வழியாக. அதை இது தடுக்காது. ஆனால் உங்கள் கணினி வழியாக விண்டோஸ்காரர்களின் ஃபைல்கள் போய்வந்தால் கிளாம்ஏவிக்கு இணை குறைவு. மெயில் சர்வர், விண்டோஸ் கணினிகளுடன் ஃபைல் பகிரும் சாம்பா ஷேர், வாடிக்கையாளர் ஃபைல் ஏற்றும் வெப்சைட், அப்புறம் நம்மூர் ஜெராக்ஸ் கடை.

ஜெராக்ஸ் கடையையே எடுத்துக்கொள்வோம். ஒரு நாளில் எத்தனையோ பென் டிரைவ் செருகப்படும் இடம். ஷார்ட்கட் வைரஸ் பிடித்த பென் டிரைவை விண்டோஸில் திறந்தால் ஃபைல்கள் காணாமல் போயிருக்கும், டிரைவின் பெயரிலேயே ஒரு ஷார்ட்கட் மட்டும் இருக்கும். அதைச் சொடுக்கியதும் வைரஸ் கடைக் கணினிக்குத் தாவிவிடும். அடுத்து வருபவரின் டிரைவுக்கும் போகும். ஃபைல்கள் உண்மையில் அழிந்திருக்காது. ஹிடன், சிஸ்டம் என்ற இரண்டு குறிகளைப் போட்டு மறைத்திருப்பார்கள், சில வகைகளில் பெயரே இல்லாததுபோலத் தெரியும் ஒரு ஃபோல்டருக்குள் தள்ளியிருப்பார்கள். லினக்ஸ் அந்தக் குறிகளை மதிப்பதில்லை. எனவே உபுண்டுவில் செருகினால் எல்லாம் பளிச்சென்று தெரியும். ஷார்ட்கட்டைச் சொடுக்கினாலும் அந்த விண்டோஸ் நிரல் அங்கே தானாக ஓடாது. டிரைவுகளை வாங்கிப் பார்க்க என்றே ஒரு பழைய கணினியில் உபுண்டு வைத்து, கிளாம்ஏவியால் சோதித்து, வேண்டிய பிடிஎஃப்பை மட்டும் பிரிண்ட் கணினிக்கு அனுப்பினால் தொல்லை பெருமளவு குறையும்.

இன்ஸ்டால் செய்யும்போது கிளாம்ஏவி, கிளாம்ஏவி-டீமன் என்ற இரண்டு பேக்கேஜையும் போடுங்கள். டீமன் என்றால் பின்னணியில் எப்போதும் ஓடும் நிரல். முதலாவது மட்டும் போதும் என்று விட்டால், ஸ்கேன் செய்யும் கட்டளையான கிளாம்ஸ்கேன் ஒவ்வொரு முறையும் மொத்த வைரஸ் பட்டியலையும் மெமரிக்கு ஏற்றிய பிறகே முதல் ஃபைலைத் தொடும். பழைய கணினியில் அரை நிமிடம் அதிலேயே போகும், வாடிக்கையாளர் முன்னால் நின்றுகொண்டிருப்பார். டீமன் பட்டியலை எப்போதும் மெமரியில் வைத்திருப்பதால் அதனிடம் வேலையைக் கொடுக்கும் கிளாம்டிஸ்கேன் உடனே தொடங்கும்.

புதிதாகப் போட்டதும் டீமன் ஓடவில்லையே என்று பதற வேண்டாம். பட்டியல் இறங்கி முடியாமல் அது எழாது. இறங்கியதும் ஒருமுறை ஸ்டார்ட் செய்தால் போதும். அவசரப்பட்டு ஃப்ரெஷ்கிளாமைக் கையால் ஓட்டினால், லாக் ஃபைலை வேறு புராசஸ் பூட்டி வைத்திருக்கிறது என்று பிழை வரும். பின்னணியில் அதே ஃப்ரெஷ்கிளாம் சர்வீஸாக ஓடிக்கொண்டிருப்பதுதான் காரணம். அடிக்கடி பதிவிறக்க முயன்றால் அவர்களுடைய சர்வர் உங்களைச் சில மணி நேரம் தள்ளியும் வைத்துவிடும்.

அடுத்த சிக்கல் அனுமதி. டீமன் தனக்கென ஒரு யூசராக ஓடுகிறது. உங்கள் ஹோம் ஃபோல்டரையோ, நீங்கள் செருகிய பென் டிரைவையோ அதனால் திறக்க முடியாது. தீர்வு, கிளாம்டிஸ்கேனுடன் எஃப்டிபாஸ் ஆப்ஷனைச் சேர்ப்பது. உங்கள் அனுமதியிலேயே ஃபைலைத் திறந்து டீமனிடம் ஒப்படைக்கும். சூடோ போட்டு, அதாவது ரூட் என்ற முழு அதிகார யூசராக, ஓட்டுவது குறுக்கு வழி, அபாயமும்கூட. வைரஸ் ஃபைலைப் பிரித்துப் படிக்கும் நிரலுக்கே ஓட்டை வரும். 2023 பிப்ரவரியில் ஹெச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க் இமேஜைப் படிக்கும் பகுதியில் அப்படி ஒன்று வெளிப்பட்டது. அந்த ஓட்டையின் பதிவு எண் சிவிஇ-2023-20032, தீவிரம் 10-க்கு 9.8. ஸ்கேன் செய்வதன் மூலமே எதிராளியின் நிரல் ஓடக்கூடிய நிலை. ரூட்டாக ஸ்கேன் செய்பவர் அன்று மொத்தச் சாவியையும் கொடுத்திருப்பார்.

'ஓகே' என்று வந்தால் சுத்தம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அளவு வரம்பைத் தாண்டிய ஃபைலையும் இது ஓகே என்றே சொல்லும். ஒரு ஃபைலுக்கான வரம்பு 0.105 பதிப்பு முதல் 100 எம்பி, அதற்கு முன் 25. கான்ஃபிக் ஃபைலில் பழைய எண்ணே எழுதப்பட்டிருக்கலாம், திறந்து பாருங்கள். அங்கேயே 'அலர்ட் எக்ஸீட்ஸ் மேக்ஸ்' என்பதை யெஸ் ஆக்கினால் வரம்பு மீறியவற்றைத் தனியாகக் காட்டும். பாஸ்வேர்ட் போட்ட ஜிப் ஃபைலுக்குள்ளும் இதனால் பார்க்க முடியாது. அதற்கான எச்சரிக்கையும் தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். இந்த எச்சரிக்கையை இயக்காத மெயில் சர்வரில், பாஸ்வேர்டை மெயிலிலேயே எழுதி ஜிப்பை இணைத்து அனுப்பும் பழைய தந்திரம் சுலபமாகப் பலிக்கும். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஐகார் சோதனை ஃபைல் இருக்கிறது: 68 எழுத்துகள், எந்தத் தீங்கும் செய்யாது. அதைப் பிடிக்கவில்லையென்றால் அமைப்பில் கோளாறு.

ராம் விஷயத்தில் இது கொஞ்சம் பேராசைக்காரன். அதிகாரபூர்வ ஆவணமே 3 ஜிபி கேட்கிறது. 1 ஜிபி உள்ள மலிவு விபிஎஸ்ஸில் (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்) போட்டால், மெமரி போதாமல் கர்னல் டீமனைக் கொன்றுவிடும், மெயில் வரிசையில் தேங்கி நிற்கும். பட்டியல் புதுப்பிக்கும்போது பழையதும் புதியதும் சேர்ந்து மெமரியில் இருப்பதால் அந்த நேரத்தில்தான் பெரும்பாலும் விழும். 'கன்கரண்ட் டேட்டாபேஸ் ரீலோட்' என்பதை நோ என்று வைத்தால் உச்சம் குறையும். பதிலுக்கு, ரீலோட் முடியும்வரை ஸ்கேன் காத்திருக்கும்.

சிக்கும் ஃபைலை அழித்துவிடும் 'ரிமூவ்' ஆப்ஷனை எங்கும் பயன்படுத்தாதீர்கள். எம்பாக்ஸ் வடிவில் ஒரு ஃபோல்டரின் மொத்தக் கடிதங்களும் ஒரே ஃபைலில்தான் இருக்கும். அதில் ஒரு மெயிலில் வைரஸ் இருந்தால் ஃபைல் முழுக்கப் போய்விடும். தவறான எச்சரிக்கையாக இருந்தாலும் அதே கதிதான். 'மூவ்' கொண்டு தனி ஃபோல்டருக்கு நகர்த்துங்கள், மெயில் பெட்டிகள் இருக்கும் இடத்தில் அதுவும் வேண்டாம், லாக் மட்டும் எடுங்கள். ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் திரும்பி வரும் எண்ணைக் கவனிக்க வேண்டும்: 0 என்றால் எதுவும் சிக்கவில்லை, 1 என்றால் வைரஸ், 2 என்றால் ஸ்கேனே சரியாக நடக்கவில்லை. 2 வந்தாலும் ஃபைலை உள்ளே விட்டுவிடும் ஸ்கிரிப்ட்கள் ஏராளம்.