மாதம் 1,000 கி.மீ.: பெட்ரோல் காரா, மின்சாரக் காரா?

சென்னையில் ஓடும் சிறிய எஸ்யூவியையே எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 கி.மீ. கொடுத்தால் 67 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் மாதம் 6,700 ரூபாய்.

மின்சாரக் காரில், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து யூனிட்டுக்கு 6 கி.மீ. என்று வையுங்கள். காரின் டிஸ்ப்ளே 7 காட்டும். வீட்டு மின் மீட்டர் அப்படி ஓடாது. மாதம் 165 யூனிட், இரண்டு மாத பில்லில் 330. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். வீட்டுக்கே 400 யூனிட் ஆகிறதென்றால், கார் மொத்தத்தை 730-க்குத் தள்ளும். 500-ஐத் தாண்டியதும் ஸ்லாப் (கட்டண அடுக்கு) மாறி, காருக்கான யூனிட் சராசரியாக 9 ரூபாயைத் தொடும். அப்படியும் மாதம் 1,500 ரூபாய்தான். மிச்சம் 5,200.

வெளியே வேகமான சார்ஜரையே நம்பினால் யூனிட் 20 ரூபாய்க்கு மேல் போகலாம். மிச்சம் 3,400-க்குள் சுருங்கிவிடும்.

கார் விலையில் 4 லட்சம் வித்தியாசம் இருந்தால், வீட்டு சார்ஜில் அதை எடுக்க ஆறரை வருடம். மாதம் 2,000 கி.மீ. ஓட்டுபவருக்கு மூன்றேகால் வருடம் போதும். 500 கி.மீ.கூட ஓட்டாதவர் எரிபொருள் கணக்குக்காக மட்டும் மாற வேண்டாம்.

வீட்டில் மாட்டும் 7.2 கிலோவாட் சார்ஜருக்குத் தனி எம்சிபி (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 6 சதுர மி.மீ. செம்பு ஒயர், நல்ல எர்த்திங் அவசியம். பழைய ஏசி லைனில் கொடுத்தால் ஒயர் சூடேறி அதன் உறை உருகலாம்.