சொகுசுக் கப்பலில் ஃபிலிம் கேமராவும் டிஜிட்டல் கேமராவும்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

மும்பையின் செம்பூரில் வசிக்கும் நண்பர் ஒருவர், பருவமழை முடிந்ததும் தம் பெற்றோரை அழைத்துக்கொண்டு பல்லார்டு பியரிலிருந்து லட்சத்தீவுக்குச் செல்லும் சொகுசுக் கப்பலில் போகவிருக்கிறார். அவருடைய அப்பா ஒரு காலத்தில் பயன்படுத்திய ஃபிலிம் கேமரா ஒன்றும், அவரே வாங்கிய மிரர்லெஸ் டிஜிட்டல் கேமரா ஒன்றும் வீட்டில் இருக்கின்றன. "இரண்டையும் தூக்கிக்கொண்டு அலைய முடியாது சார், எதைக் கொண்டுபோகட்டும்?" என்று கேட்டார். அவர் கேட்ட வாரத்தில்தான் என்னுடைய டிஜிட்டல் கேமரா ஃபோர்ட் பகுதியில் பழுதுபார்க்கப்பட்டு வீடு திரும்பியிருந்தது. ஆகவே இந்தப் பதிலில் கோபம் கலந்திருக்கும்; ஆனாலும் இரண்டு கேமராக்களுக்கும் உரியதை உரியபடி சொல்லிவிடவே முயல்கிறேன்.

என்னிடம் இருப்பவை நிக்கான் எஃப்எம்2 என்னும் ஃபிலிம் கேமராவும், ஜூம் லென்ஸுடன் கூடிய ஒரு மிரர்லெஸ் கேமராவும். இவற்றின் பொதுவான குணங்களை எல்லாரும் அறிவார்கள் என்பதால், கடலில் மட்டும் வெளிப்படுகிற விஷயங்களுக்கே நேராக வருகிறேன். அவற்றில் முதன்மையானது, ஒவ்வொரு பயணத்திலும் என்னை விடாமல் தொல்லைப்படுத்துவது, லென்ஸின் மேல் படிகிற ஈரம்.

கப்பலின் கேபின் இரவு முழுவதும் குளிரூட்டப்பட்டு ஏறத்தாழ 22 டிகிரியில் இருக்கும். டெக்கில் விடியற்காலையிலும் காற்று ஈரத்தால் கனத்திருக்கும். வெப்பம் 30 டிகிரியாகவும் ஈரப்பதம் எண்பது விழுக்காட்டை ஒட்டியும் இருக்குமானால், 26 டிகிரிக்கும் குறைவாகக் குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளின் மீதும் அந்தக் காற்று நீராகப் படியும். குளிர்ந்த மோர் ஊற்றிய எவர்சில்வர் தம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போல, கேபினிலிருந்து எடுத்து வந்த கேமராவும் கதவைத் திறந்த நொடியிலேயே வியர்க்கத் தொடங்கிவிடும். லென்ஸின் முன்புறத்தைத் துடைத்தால் மீண்டும் படியும். கண்ணாடியும் உலோகமும் முழுவதுமாக வெப்பமடையும் வரை அது ஓயாது. பெரிய ஜூம் லென்ஸுக்கு அதற்கு அரை மணி நேரம்கூட ஆகும். கடலில் சூரியோதயம் அத்தனை நேரம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

இது இரண்டு வகைக் கேமராக்களுக்கும் பொதுவான இயற்பியல்தானே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் டிஜிட்டல் கேமரா ஒவ்வோர் இரவும் அந்தக் குளிர்ந்த அறைக்குள் வந்தே தீர வேண்டும். பேட்டரியைச் சார்ஜ் செய்ய வேண்டும், மெமரி கார்டில் உள்ள படங்களை நகலெடுக்க வேண்டும், உறவினர்களுக்கு நான்கு படங்களையாவது அனுப்ப வேண்டும். எஃப்எம்2-வுக்கு இவற்றில் ஒன்றும் தேவையில்லை. 1982-இல் வெளிவந்த அந்த மாடலில் ஷட்டர் முழுக்க இயந்திர விசையால் இயங்குகிறது. உள்ளே இருக்கிற இரண்டு சிறிய பட்டன் பேட்டரிகள் ஒளியை அளக்கும் மீட்டருக்கு மட்டுமே, அவை தீர்ந்துபோனாலும் கேமரா படமெடுக்கும். எனவே அதைப் பையில் சிலிகா ஜெல் பொட்டலங்களுடன் வைத்து மூடி, ஏசிக் காற்று நேராக அடிக்காத குளியலறை அலமாரியிலோ, பால்கனி இருந்தால் அங்கே பூட்டிய பையிலோ வைத்துவிட முடிகிறது. ஃபிலிமைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும் என்பது நீண்ட காலச் சேமிப்புக்கான விதி. சில நாள் வெப்பத்தால் அதற்குக் கேடில்லை. விடியற்காலையில் அந்தக் கேமராவை எடுத்துக்கொண்டு டெக்கில் கால் வைத்த அடுத்த நிமிடமே படமெடுக்க முடிந்ததுதான் நான் சற்றும் எதிர்பாராத மகிழ்ச்சி.

டிஜிட்டல் கேமராவை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. கேபினுக்குள் இருக்கும்போதே அதை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடிவிட்டு, பையோடு வெளியே கொண்டுபோய், உள்ளே இருப்பது வெப்பமடைந்த பிறகே திறக்க வேண்டும். ஈரம் பையின் மேல் படியும், லென்ஸின் மேல் படியாது. நான் இதைத் தவறாமல் கடைப்பிடிக்கிறேன். ஆனாலும் டால்பின் தென்படுகிறது என்று யாரோ கூவும்போது, பைக்குள் பூட்டிக் கிடக்கும் கேமராவைப் பார்த்துக்கொண்டு நிற்பது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

இனி பழுதைப் பற்றி. ஜூம் வளையம் கரகரத்தது, ஒரு டயல் திருப்பினால் எண்கள் தாறுமாறாக ஓடின, கடைசியில் லென்ஸையே கேமரா அடையாளம் காணாமல் போயிற்று. போரா பஜார்ப் பக்கத்தில் பழுதுபார்ப்பவர் அதைத் திறந்து, மின்தொடர்புகளின் மேல் பச்சை பூத்திருந்ததைக் காட்டினார். இத்தனைக்கும் அந்தக் கேமரா "தூசியும் ஈரமும் புகாதது" என்ற விளம்பரத்தோடு விற்கப்பட்டது. அந்த விளம்பரம் தெறிக்கிற நீர்த்துளிகளைப் பற்றியது. நீண்டு சுருங்குகிற ஜூம் லென்ஸ் ஒவ்வொரு முறை நீளும்போதும் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது என்பதையும், கடற்காற்று என்றால் அதில் உப்பும் சேர்ந்தே போகும் என்பதையும் அது சொல்வதில்லை. ஈரத்தால் வந்த சேதத்துக்கு உத்தரவாதம் பொருந்தாது என்று பிறகு சொன்னார்கள். பழுதுபார்த்த செலவில் பழைய கேமரா ஒன்றையே வாங்கியிருக்கலாம். பயணத்துக்காகவே விலை கொடுத்து வாங்குகிற ஒரு பொருள், இந்தியாவின் மேற்குக் கடற்கரையைத் தாங்காது என்றால், அதை இந்தியாவில் விற்கும்போது அப்படிச் சொல்லி விற்பதுதான் நேர்மை.

எஃப்எம்2-வும் அதே காற்றில்தான் இருந்தது. ஒவ்வொரு மாலையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் உடலைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பதைத் தவிர அது வேறொன்றும் கேட்கவில்லை. லென்ஸின் முன்னால் உள்ள யூவி ஃபில்டரையும் இப்படி நனைத்தே துடைக்க வேண்டும். உலர்ந்த உப்புப் படிகங்களைத் துணியால் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். மும்பையின் மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை வளர்வது ஃபிலிம் கேமராவுக்கும் உள்ள ஆபத்துதான், அதில் இரண்டுக்கும் வேறுபாடில்லை.

இரண்டாவது விஷயம் வெண்மை. கப்பலில் எங்கு திரும்பினாலும் வெள்ளை: வெள்ளைக் கைப்பிடிச் சுவர்கள், வெள்ளை நுரை, லட்சத்தீவின் வெள்ளை மணல், அதன் நடுவே வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர், நண்பகல் வெயில். டிஜிட்டல் சென்சாரில் ஒரு புள்ளி தாங்கக்கூடிய ஒளி நிறைந்துவிட்டால் அதற்கு மேல் அங்கே ஒரு செய்தியும் பதிவாகாது. வேட்டியின் மடிப்புகள் அழிந்து வெற்று வெள்ளையாகிவிடும். கலர் நெகட்டிவ் ஃபிலிம் அப்படி முறிவதில்லை. ஒளி மிகும்போது அதன் பதிவு மெல்ல மெல்லத் தணிகிறது, இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) கூடுதலாகப் போனாலும் மடிப்பும் கரையும் தெரிகின்றன. ஐஎஸ்ஓ என்பது ஃபிலிம் ஒளியை உணரும் வேகம், எஃப் எண் என்பது லென்ஸ் துளையின் அளவு; எண் குறைந்தால் துளை பெரிது. 200 ஐஎஸ்ஓ ஃபிலிமுக்கு வெயிலில் எஃப்/16, 1/250 நொடி என்பது பழைய கணக்கு; நான் கடலில் எஃப்/11 வைத்து ஒரு ஸ்டாப் தாராளமாகவே எடுக்கிறேன், அதனால் நிழலில் நிற்கிற கறுத்த முகங்களும் தெளிவாக வருகின்றன, பின்னால் நுரையும் கெடுவதில்லை. என் மாமனார் கைப்பிடியில் சாய்ந்து நிற்கிற படம் ஒன்றில் அவருடைய வேட்டியின் சரிகைக் கரை, நெற்றியின் விபூதி, பின்னால் கப்பல் கிழித்துவந்த நீர்த்தடம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்கின்றன. அதே இடத்தில் டிஜிட்டலில் எடுத்தது எனக்கு நிறைவளிக்கவில்லை. ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக), ஒரு ஸ்டாப் குறைத்து எடுத்து, வீட்டில் கணினியில் நிழலை உயர்த்தினால் டிஜிட்டலிலும் இதைப் பெறலாம் என்பது முழு உண்மை. அதற்குப் பொறுமையும் பயிற்சியும் உள்ளவர்கள் என் நண்பரைப் போல என்னிடம் வந்து கேட்க மாட்டார்கள்.

சூரியன் மறைந்த பிறகு இந்தப் பெருமை எல்லாம் முடிந்துவிடுகிறது. கப்பலின் அரங்கில் நடக்கும் நிகழ்ச்சிகள், விளக்கொளியில் உணவு மேசை, இருட்டில் துறைமுகத்தின் விளக்குகள் இவற்றில் 400 ஐஎஸ்ஓ ஃபிலிம் திணறுகிறது. முக்காலி வைத்து நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்து வைக்கவும் வழியில்லை, ஏனென்றால் என்ஜினின் அதிர்வு டெக்கிலேயே இருக்கிறது. என் டிஜிட்டல் கேமரா 6400 ஐஎஸ்ஓவில் எடுத்த இரவுப் படங்கள் மிக நன்றாக இருக்கின்றன. கப்பலில் என் மனைவியின் பிறந்தநாள் கொண்டாட்டத்தை அது இல்லாமல் பதிந்திருக்கவே முடியாது. தொலைவில் துள்ளும் டால்பின்களுக்கும், நீரிலிருந்து எழுந்து பறக்கிற மீன்களுக்கும், ஓடியாடும் குழந்தைகளுக்கும் டிஜிட்டலே கருவி. 36 படம் மட்டுமே உள்ள ஒரு ரோலில் பறக்கிற மீனைப் பிடிக்க முயல்வது பணத்தைக் கடலில் எறிவதாகும்.

பணம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஒரு கலர் ரோலை வாங்கி, கழுவி, ஸ்கேன் செய்து முடிப்பதற்குள் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. ஊட்டியில் அரசின் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலை 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தயாரித்துக்கொண்டிருந்த காலத்தை அறிந்தவன் என்ற முறையில், இன்று ஒவ்வொரு ரோலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. கழுவுவதும் முன்போல எளிதன்று. கலர் நெகட்டிவை டெவலப்பரில் ஏறத்தாழ 38 டிகிரியில் மூன்றே கால் நிமிடம் வைக்க வேண்டும். வெப்பம் சற்று மாறினாலும், ரசாயனம் பழசாகியிருந்தாலும் நிறம் கெடும். ரோல்கள் அதிகம் வராத கடையில் ரசாயனம் மாற்றாமல் கிடக்கும் என்பதால், எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டுவிட்டே கொடுக்க வேண்டும். நெகட்டிவைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

துறைமுகத்தின் எக்ஸ்ரே சோதனையைப் பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். கைப்பைகளுக்கான பழைய வகை எக்ஸ்ரேயில் 200 ஐஎஸ்ஓ ஃபிலிம் ஓரிரு முறை சென்றுவருவதால் கண்ணுக்குத் தெரிகிற கேடு வருவதில்லை; 800-க்கு மேற்பட்ட வேகமுள்ளவற்றையும், பையைப் பல கோணங்களில் படமெடுக்கும் சிடி வகை ஸ்கேனர்களையும்தான் அஞ்ச வேண்டும். இறங்கி ஏறுகிற ஒவ்வொரு துறைமுகத்திலும் சோதனை உண்டு என்பதால், ரோல்களைத் தனியாக, உள்ளே இருப்பது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு, கையாலேயே பார்த்துத் தருமாறு பணிவாகக் கேட்க வேண்டும். ஒப்புக்கொள்வது பணியில் இருக்கும் அலுவலரைப் பொறுத்தது. பெரிய பெட்டியில் மட்டும் ரோல்களை வைக்கவே கூடாது. மும்பையிலும் கொச்சியிலும் கடற்படைப் பகுதிகள் அருகிலேயே இருப்பதால், அந்தப் பக்கம் எந்தக் கேமராவையும் திருப்பாமல் இருப்பது நல்லது.

எண்ணிப் பார்த்தால் டிஜிட்டலின் பக்கமே தராசு சாய்கிறது என்பதை இதுவரை படித்தவர்கள் கண்டிருப்பார்கள். இரவு, வேகம், தொலைவு, செலவு, உடனே பகிர்வது ஆகிய ஐந்திலும் அது வெல்கிறது. ஆனாலும் நண்பரிடம் நான் சொன்னது, அப்பாவின் ஃபிலிம் கேமராவை எடுத்துச் செல்லுங்கள் என்பதுதான். இரவு விருந்துக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் அவருடைய கைப்பேசி போதும். அந்த வேலைக்காக இன்னொரு டிஜிட்டல் கருவியையும் அதன் சார்ஜரையும் சுமந்து, உப்புக் காற்றுக்குக் காவு கொடுக்க வேண்டியதில்லை. கைப்பேசி செய்ய முடியாத ஒன்றை, அந்த நண்பகல் வெண்மையில் அவருடைய பெற்றோரின் முகங்களைப் பதிகிற வேலையை, ஃபிலிம் கேமரா செய்யும். டால்பின் மட்டுமே வேண்டும் என்பவர்கள் இந்தப் பரிந்துரையை ஏற்க வேண்டாம்.

புறப்படுவதற்கு முன் அவர் ஒரு ரோலை மாட்டுங்கா மார்க்கெட்டிலோ பூங்காவிலோ எடுத்துக் கழுவிப் பார்த்துவிட வேண்டும். பழைய கேமராக்களில் பின்கதவின் ஓரத்தில் உள்ள நுரைப்பட்டை பொடிந்து ஒளி புகுந்துகொண்டிருக்கலாம். அதை மாற்றுவது சிறிய வேலைதான், ஆனால் கப்பலில் ஏறிய பிறகு செய்ய முடியாது. கப்பல் தொலைவிலேயே நங்கூரமிட்டுச் சிறு படகுகளில் தீவுக்கு அழைத்துச் செல்வார்கள் என்பதால், படகில் ஏறுவதற்கு முன்பே, ரோலில் சில படங்கள் மிச்சமிருந்தாலும், புதிய ரோலை மாட்டிவிட வேண்டும். அலை தெறிக்கிற படகில் பின்கதவைத் திறக்கக் கூடாது. 200 ஐஎஸ்ஓ ரோல்களே போதும், அவற்றையும் மும்பையிலேயே வாங்கிவிட வேண்டும்.