மியூனிக்கில் ஜெர்மன் படிக்கிறீர்களா? வார இறுதிக்கு அரண்மனையா, சால்ஸ்பர்க்கா, ரேகன்ஸ்பர்க்கா?

மியூனிக்கில் மொழி வகுப்பு தொடங்கி இரண்டு, மூன்று வாரம் போனதும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பேச்சு கிளம்பிவிடும்: சனி, ஞாயிறு எங்காவது போகலாமா? பிரேசில், துருக்கி, கொரியா, உக்ரைன், நம்ம ஊர் என்று கலந்துகட்டிய கூட்டம். எல்லோருக்கும் பொதுவாக இருப்பது அரைகுறை ஜெர்மன்தான். ஆனால் நான்கு பேருக்கு ஆங்கிலம் தெரிந்துவிட்டால் போதும், ரயில் கிளம்பும் முன்பே பேச்சு அதற்குத் தாவிவிடும். அதனால் நான் இடத்தை அழகைப் பார்த்து எடைபோடுவதில்லை. அங்கே போனால் எவ்வளவு நேரம் ஜெர்மனில் வாய் திறந்தே ஆகவேண்டும் என்று பார்க்கிறேன்.

குழுவில் வழக்கமாக அடிபடும் பெயர்கள் மூன்று: நோய்ஷ்வான்ஸ்டைன் அரண்மனை, ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க், டான்யூப் கரையில் ரேகன்ஸ்பர்க்.

செலவை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்து, பிறகு விலை ஏறிய டாய்ச்லாண்ட் டிக்கெட்டிலேயே (ஜெர்மனி முழுக்க சாதாரண ரயில், பஸ்களுக்கான மாதச் சீட்டு) மூன்றுக்கும் போய்வரலாம். எல்லை தாண்டி இருந்தாலும் சால்ஸ்பர்க் ரயில் நிலையம் வரை அது செல்லும். ஐசிஇ மாதிரி வேக ரயில்களில் மட்டும் ஏறக்கூடாது. அந்த டிக்கெட் இல்லாதவர்கள் ஐந்து பேர் வரை சேர்ந்து ஒரே பயர்ன் டிக்கெட் (மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்துக்கான ஒருநாள் சீட்டு) எடுக்கலாம். வார நாட்களில் அது காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும், சனி ஞாயிறில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. பயண நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். ரேகன்ஸ்பர்க்குக்கு ஒன்றரை மணி நேரம், மற்ற இரண்டுக்கும் இரண்டு மணி நேரத்தை ஒட்டி வரும்.

முதலில் அரண்மனை. ஃபியூஸன் வரை ரயில், அங்கிருந்து பஸ்ஸில் சில நிமிடங்கள், பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் ஏற்றம். இரண்டாம் லூட்விக் மன்னர் 1869-ல் கட்டத் தொடங்கியது. 1886-ல் அவர் இறந்தபோது வேலை முடிந்திருக்கவில்லை, ஆனாலும் ஏழு வாரத்தில் டிக்கெட் போட்டு மக்களை உள்ளே விட்டுவிட்டார்கள். 2025-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் இடம்பிடித்தது, எனவே கூட்டம் குறையப் போவதில்லை. உள்ளே தனியாகச் சுற்றமுடியாது. டிக்கெட்டில் போட்ட நேரத்துக்கு வழிகாட்டியோடு நுழைந்து, அரை மணி நேரத்தில் வெளியே வரவேண்டும். படமும் எடுக்கக்கூடாது. முன்பதிவு செய்யாமல் கோடையில் போனால் வாசலோடு திரும்ப வேண்டியிருக்கும். ஜெர்மன் மொழிச் சுற்றும் உண்டு. ஆனால் எட்டுப் பேர் சேர்ந்து பதிவு செய்யும்போது யாராவது ஒருவர் 'இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் புரியாமல் போனால் எப்படி' என்று கேட்டு ஆங்கிலச் சுற்றுக்கு மாற்றிவிடுவார். அரண்மனை நன்றாகத் தெரியும் மரியன் பாலத்தில் நின்று படம் எடுத்தால் நாள் முடிந்தது. அங்கே கேட்கும் மொழிகளில் ஜெர்மனைத் தேடத்தான் வேண்டும்.

சால்ஸ்பர்க் இதைவிட நல்ல ஊர், சந்தேகமே இல்லை. 1077-ல் கட்டத் தொடங்கிய கோட்டை தலைக்கு மேலே நிற்கிறது. கெட்ரைடகாஸ தெருவில் 9-ஆம் எண் வீட்டில்தான் 1756-ல் மோட்சார்ட் பிறந்தார். கோட்டைக்கு ஏறும் இழுவை ரயில் 1892-லிருந்து ஓடுகிறது. மாலையில் ஆற்றங்கரையில் உட்கார்ந்தால் எழுந்து வர மனம் வராது. ஆனால் கடைக்காரர்கள் உங்கள் முகத்தைப் பார்த்ததும் ஆங்கிலத்தில் தொடங்கிவிடுவார்கள். நாம் ஜெர்மனில் கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். அவர்களுக்கு அதுதான் சுலபம், கோபித்துக்கொள்ள முடியாது.

நம்மவர்கள் கவனிக்கவேண்டியது இன்னொன்று. ஜெர்மனியின் நீண்டகால விசாவோ வசிப்பிட அட்டையோ இருந்தால் ஆஸ்திரியாவுக்குத் தனி விசா தேவையில்லை. ஆனால் பாஸ்போர்ட் கையில் இருக்கவேண்டும். 2015-லிருந்து திரும்பும் வழியில் ஜெர்மன் எல்லையில் போலீஸ் சோதனை இருக்கிறது. அட்டை இன்னும் வராமல் இடைக்காலச் சான்றிதழை மட்டும் வைத்திருப்பவர், அதை வைத்து எல்லை தாண்டலாமா என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். குழுவில் ஒருவர் அந்த நிலையில் இருந்தாலே நான் சால்ஸ்பர்க்கை விட்டுவிடுவேன்.

அப்புறம் ரேகன்ஸ்பர்க். பெயரைச் சொன்னால் குழுவில் யாரும் துள்ளிக் குதிக்கமாட்டார்கள். ஆனால் கி.பி. 179-ல் ரோமப் படை முகாம் எழுந்த இடம் இது. அந்த முகாமின் வாசல் ஒன்று பிற்காலக் கட்டடச் சுவரோடு சேர்ந்து இன்னும் தெருவில் நிற்கிறது. 12-ஆம் நூற்றாண்டுக் கல்பாலத்தில் இப்போதும் நடந்து போகலாம். பழைய நகரம் முழுவதும் 2006-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருந்தும், ஊர் சுற்றுலாவுக்காக மட்டும் வாழவில்லை. பல்கலைக்கழக ஊர், மாலையில் மதுக்கடைகள் உள்ளூர் மாணவர்களால் நிரம்பும். பக்கத்து மேஜையில் பேச்சுக் கொடுத்தால் பேசுவார்கள்.

1663 முதல் 1806 வரை புனித ரோமப் பேரரசின் நாடாளுமன்றம் கூடியது இங்குள்ள பழைய நகர மண்டபத்தில்தான். கீழே சித்திரவதை அறையும் உண்டு. வழிகாட்டிச் சுற்றுகளில் பெரும்பாலானவை ஜெர்மனில். கூட வருகிறவர்களில் பணி ஓய்வு பெற்ற ஜெர்மானியர்கள் நிறைய இருப்பதால், அவர்களுக்கு ஏற்றபடி நிதானமாகத் தெளிவாகப் பேசுவார்கள். பி1 மாணவருக்கு (ஏ1, ஏ2, பி1 என்று ஏறும் மொழி நிலைகளில் மூன்றாவது) இதைவிடப் பொருத்தமான கேட்டல் பயிற்சி கிடைக்காது. டிக்கெட் வாங்குகிற வேலையை வகுப்பில் வாயே திறக்காத ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

முக்கியமாக, இங்கே ஓர் இரவு தங்கலாம். மற்ற இரண்டுக்கும் எல்லோரும் காலையில் போய் இரவு திரும்பிவிடுகிறார்கள். டான்யூப் நடுவே தீவில் இளைஞர் விடுதி இருக்கிறது. ஆறு பேர் அறையில் கொரியத் தோழியும் துருக்கித் தோழியும் யார் முதலில் குளிப்பது என்று ஜெர்மனில்தானே பேசித் தீர்க்கவேண்டும்! ஞாயிறு காலை தேவாலயத்தில் 10 மணிப் பூசையில், 975-ல் தொடங்கிய சிறுவர் பாடகர் குழு பாடும்; பள்ளி விடுமுறையில் மட்டும் இருக்காது. பிறகு கோடையானால் படகில் வால்ஹாலா. 1842-ல் திறந்த கிரேக்கக் கோயில் பாணிக் கட்டடம், உள்ளே ஜெர்மன் மொழி உலகின் பெரியவர்களுக்கு வரிசையாகச் சிலைகள். யார் இவர், என்ன செய்தார் என்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டே போகலாம்.

குறை இல்லாமல் இல்லை. பாலத்தடியில் இருக்கும் புகழ்பெற்ற கடை தொத்திறைச்சிக் கடை. சைவக்காரர் ஊருக்குள் வந்து சீஸ் போட்ட ஷ்பேட்ஸ்ல (ஒரு வகை நூடுல்ஸ்) தேடவேண்டும். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமை இரவு 8 மணிக்குள் தண்ணீர், ரொட்டி வாங்கிவிடுங்கள். மலை பார்க்க ஆசைப்படுகிறவருக்கு இங்கே ஒன்றும் இல்லை. அவர்களுக்கு நான் சால்ஸ்பர்க்கைக்கூடச் சொல்லமாட்டேன். ஃப்ரைலாசிங்கில் ரயில் மாறி பெர்ஷ்டஸ்காடன் போய் கோயினிக்ஸே ஏரியில் படகு ஏறலாம். 1909-லிருந்து மின்படகுகள்தான். நடு ஏரியில் படகை நிறுத்தி எக்காளம் ஊதி மலையின் எதிரொலியைக் கேட்கவைக்கும் படகுக்காரர், பவேரியப் பேச்சில் நகைச்சுவை சொல்லிவிட்டு டிப்ஸும் கேட்பார்.

வகுப்பு இன்னும் ஏ1 என்றால் அரண்மனைக்கே போங்கள், அந்த நிலையில் எங்கே போனாலும் ஆங்கிலம்தான். ஏ2 முடித்தவர்களுக்கு என் ஓட்டு ரேகன்ஸ்பர்க்குக்கு, அதுவும் தங்கினால் மட்டும். ஒரே நாளில் திரும்புவதாக இருந்தால் சரி, சால்ஸ்பர்க்கே போகட்டும்.