கொம்பை விட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள்: 'மொண்டேரோ' காணொளி விமர்சனம்

ராப் காணொளிகளைச் சத்தத்தை அணைத்துவிட்டு ஒருமுறை பார்ப்பது என் பழக்கம். படத்தொகுப்பு வேலை செய்பவனுக்கு வரும் வியாதி இது. பீட் இல்லாமல் பார்த்தால், சிலுவையும் நெருப்பும் கருப்புக் கண்களும் பல நேரம் வெறும் அலங்காரமாகத்தான் மிஞ்சும். அப்படிப் பார்த்தும் நின்றது அமெரிக்க ராப் பாடகர் லில் நாஸ் எக்ஸின் 'மொண்டேரோ'. டானு முயினோவும் அவரும் சேர்ந்து இயக்கி, 2021 மார்ச்சில் வந்தது.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏதேன் தோட்டம், பாம்பு, விசாரணை, சாவு. வானத்தை நோக்கி மேலே போகிறவர் நடுவழியில் ஒரு கம்பத்தைப் பிடித்துச் சறுக்கி நரகத்தில் போய் இறங்குகிறார். அங்கே சாத்தானின் மடியில் ஒரு ஆட்டம். மறுநாளிலிருந்து ஊரெல்லாம் பேசியது அந்த மடியாட்டத்தைப் பற்றித்தான். என்னைக் கேட்டால், படத்தில் ஆகச் சாதாரணமான இடம் அதுதான். அதிர்ச்சி கொடுப்பதற்கென்றே வைத்தது, கொடுத்தது, அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியது முகங்களை. தோட்டத்தில் கிடார் வாசிப்பவர், மயக்கும் பாம்பு, பெரிய விக் வைத்துக்கொண்டு விசாரிப்பவர்கள், சங்கிலியில் நிற்கும் குற்றவாளி, கடைசியில் அரியணையில் இருக்கும் சாத்தான், எல்லாம் ஒரே ஆள், லில் நாஸ் எக்ஸ்தான். மேக்கப்பையும் முடியையும் தாண்டி அதே தாடை, அதே கண். ஆசை காட்டியதும் நான், தீர்ப்பு சொன்னதும் நான், செத்ததும் நான். பாவம் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட ஒரு பையனின் தலைக்குள் இருக்கும் நீதிமன்றம் இப்படித்தான் இருக்கும். காணொளி வெளியான நேரத்தில், பதினான்கு வயதில் தான் இருந்த அந்தப் பையனுக்கே அவர் ஒரு கடிதமும் எழுதியிருந்தார். தன்பாலீர்ப்பை வெளியே சொல்லக்கூடாது என்று அந்த வயதில் தனக்குள் உறுதி எடுத்துக்கொண்டதைப் பற்றி. அதைப் படித்தபின் சாத்தானின் கழுத்தை அவர் முறிக்கும் இடம் வேறு மாதிரி தெரிகிறது. கொம்பை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்கிறாரே, அதை வெற்றி என்பதா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை, அதனாலேயே பிடித்திருக்கிறது.

மரத்தில் பிளேட்டோவின் 'சிம்போசியம்' நூலிலிருந்து ஒரு கிரேக்க வரி செதுக்கப்பட்டிருக்கிறது. வட்டமாக இருந்த மனிதரைக் கடவுள்கள் இரண்டாகப் பிளந்ததால்தான் ஒவ்வொரு பாதியும் மற்ற பாதியைத் தேடுகிறது என்ற கதையிலிருந்து. இதைக் கண்டுபிடிப்பதை விட்டுவிட்டு, முக்கோணம் எங்கே, ஒற்றைக் கண் எங்கே என்று ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்தி ரகசியச் சங்கத்தைத் தேடுகிற கூட்டம் ஒன்று உண்டு. அவர்களுக்கு இதில் தீனி நிறையவே இருக்கிறது, போகட்டும்.

குறையும் உண்டு. கணினி வரைகலை சில இடங்களில் பளபளவென்று வீடியோ கேம் மாதிரி இருக்கிறது. நரகம் அழுக்காக இல்லை, அதனால் பயமும் இல்லை. அப்புறம் காணொளியை ஒட்டி வந்த அந்தச் செருப்புக் கூத்து. எம்எஸ்சிஎச்எஃப் என்ற குழு லில் நாஸ் எக்ஸுடன் சேர்ந்து நைக்கியின் ஏர் மேக்ஸ் 97 காலணிகளை வாங்கி, அடிப்பாகத்தில் ஒரு துளி மனித ரத்தம் கலந்து, 666 ஜோடியை ஜோடி 1,018 டாலருக்கு விற்றது. சாத்தான் மின்னலைப்போல் வானத்திலிருந்து விழுந்ததைச் சொல்லும் லூக்கா 10:18 வசனம்தான் அந்த விலை. நைக்கி வழக்குப் போட்டது, பிறகு சமரசம் ஆனது. கெட்டிக்காரத்தனமான வியாபாரம்தான், ஆனால் காணொளியில் இருந்த வலியை அது பொம்மையாக்கிவிட்டது.

1999-இல் ஹைப் வில்லியம்ஸ் இயக்கிய 'ஹேட் மீ நவ்' காணொளியோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். அதில் நாஸ் (லில் நாஸ் எக்ஸ் அல்ல, வேறொரு ராப்பர்) முள்முடியோடு சிலுவை சுமக்கிறார். பாட்டில் உடன் பாடிய ராப்பர் பஃப் டாடி, தான் சிலுவையில் தொங்கும் காட்சியை நீக்கச் சொல்லியும் அது எம்டிவியில் ஓடிவிட, விவகாரம் அடிதடி, வழக்கு என்று போனது. அந்தச் சிலுவை கனமானதல்ல. "என்னைப் பார்த்து எல்லோருக்கும் பொறாமை" என்பதைச் சொல்ல இயேசுவின் வேஷம் எதற்கு? அங்கே குற்றவாளி எப்போதும் எதிரில் நிற்பவன். 2017-இல் 'ஹம்பிள்' காணொளியைப் போப் உடையில் தொடங்கி, அடங்கு என்று ஊருக்கே சொன்ன கென்ட்ரிக் லமாரிடமாவது ஒரு குறும்பு இருந்தது. அவரே 2022-இல் 'கவுன்ட் மீ அவுட்' காணொளியில் நடிகை ஹெலன் மிர்ரனை மனநல ஆலோசகராக எதிரில் உட்கார வைத்தார். கொம்பும் நெருப்பும் இல்லாமல், ஒரு உரையாடலிலேயே வேலை நடக்கிறது.

'மொண்டேரோ'வுக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன். மத உணர்வு புண்படும் என்று நினைப்பவர்களும், வீட்டில் சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவர்களும் தவிர்த்துவிடலாம். மற்றவர்கள் முதல் தடவை சத்தத்தோடு பாருங்கள், பாட்டும் நன்றாகவே இருக்கிறது. இரண்டாவது தடவை சத்தத்தை அணைத்துவிட்டு, விசாரணைக் காட்சியில் பின்னால் நிற்பவர்களின் முகத்தை மட்டும் கவனியுங்கள்.