மேலுமலை ஏற்றத்தில் நிற்கும் வண்டி: 2008 பெட்ரோல் காரோடு என் அனுபவம்

என்னிடம் இருப்பது 2008 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். நாலு சிலிண்டர், எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஒன்றரை லட்சம் கிலோமீட்டரை எப்போதோ தாண்டிவிட்டது. வீடு காவேரிப்பட்டணம், வேலை ஓசூர். எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லவில்லை. கீழே எழுதியிருப்பது அந்தக் காலத்துப் பெட்ரோல் வண்டிகள் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும்.

சீட், ஏசி, மைலேஜ் பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லாம் வயசுக்கேற்றபடி இருக்கிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இருக்கும் ஒரே பயம், ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று நின்றுவிடுமோ என்பதுதான். என் வண்டி நின்றிருக்கிறது. அதை எப்படிக் கண்டுபிடித்துச் சரிசெய்தோம் என்பதைத்தான் எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிறவர்களுக்குத் தெரியும். குருபரப்பள்ளி தாண்டினால் மேலுமலை ஏற்றம், அப்புறம் சூளகிரி. ஒரு சித்திரை மத்தியானம் அந்த ஏற்றத்தில் இன்ஜின் அணைந்தது. திணறவில்லை, குலுங்கவில்லை, செக் இன்ஜின் விளக்கும் அதற்கு முன்னால் எரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சாவியைத் திருப்பி ஆஃப் செய்ததுபோல நின்றது. ஓரங்கட்டி செல்ஃப் அடித்தால் நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பானெட்டைத் திறந்துவைத்து அரை மணி காத்திருந்தபின் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது. ஓசூர் வரை எந்தச் சிக்கலும் இல்லை. சில நாள் கழித்து, வெயில் ஏறியபின், திரும்பவும் அதே கதை.

இன்ஜின் அணைந்ததும் பவர் ஸ்டீயரிங் கல்லாகிவிடும், பிரேக் மட்டும் உடனே போகாது. பிரேக் மிதியை லேசாக்கும் வேக்கம் (காற்று உறிஞ்சல்) மிச்சம் இருக்கும் வரை ஒன்றிரண்டு மிதிக்கு வழக்கம்போலப் பிடிக்கும். விட்டுவிட்டு மிதித்தால் அதுவும் தீர்ந்துவிடும். அதனால் ஒரே மிதியாக அழுத்தி ஓரங்கட்ட வேண்டும். தொப்பூர் இறக்கத்தில் இது உயிர் காக்கிற விஷயம். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்குப் போன் செய்தால் உதவி வரும்.

சரி, நோய்க்கு வருவோம். முதலில் பார்த்த ஒர்க்‌ஷாப்பில், “பம்ப்தான் சார், மாத்திடலாம்” என்றார்கள். காரணமும் காட்டினார்கள். வண்டி பிடிக்காமல் இருக்கும்போது செல்ஃப் அடித்தால், டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் பம்ப் ஓடவில்லை. பார்த்தது பொய்யில்லை, உண்மையிலேயே ஓடவில்லை. ஆனால் அதை வைத்துப் பம்ப் போய்விட்டது என்று முடிவுகட்ட முடியாது.

காரணம் இதுதான். சாவியை ஆன் செய்ததும் பம்ப் இரண்டு விநாடி போல ஓடி நின்றுவிடும். பின்சீட்டுப் பக்கம் காது கொடுத்தால் ‘ஜ்ஜ்’ என்று கேட்கும். அதற்குமேல் ஓட வேண்டுமென்றால் இன்ஜின் சுற்றுகிறது என்ற தகவல் ஈ.சி.யூ.வுக்கு, அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டருக்கு, வர வேண்டும். அந்தத் தகவலைத் தருவது, இன்ஜின் தண்டு சுற்றுவதைக் கவனிக்கும் கிராங்க் சென்சார். விபத்தில் இன்ஜின் நின்றபின் பம்ப் ஓடிப் பெட்ரோலைக் கொட்டிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. சென்சார் பேசாவிட்டால் ஈ.சி.யூ. பம்ப் ரிலேவையும் பிடிக்காது, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரையும் திறக்காது, பிளக்கில் பொறி வரவைக்கும் காயிலுக்கும் வேலை கொடுக்காது. பெட்ரோல், கரன்ட் இரண்டும் ஒரே நேரத்தில் போய்விடும். என் வண்டி திணறாமல் சட்டென்று நின்றதற்கும் இதுதான் காரணம். பம்ப் பலவீனமாகவோ ஃபில்டர் அடைத்தோ இருந்தால் முதலில் ஏற்றத்தில் இழுவை குறையும், வெட்டிவெட்டி இழுக்கும், அப்புறம்தான் நிற்கும். வண்டி நிற்கிற விதத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

இதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர், லாரி வேலை பார்த்துப் பழுத்தவர். ஸ்கேனரை எடுக்கும் முன்பே அவர் கேட்ட கேள்வி: “தம்பி, பிடிக்காம இருக்கும்போது செல்ஃப் அடிச்சா ஆர்.பி.எம். முள்ளு ஆடுதா?”

“இல்லண்ணா, கீழேயே படுத்துக்கிடக்குது.”

“நல்லா இருக்கறப்ப?”

“லேசா எழும்பும்.”

“அப்ப பம்ப்பைத் தொடாத.”

ஆர்.பி.எம். முள்ளுக்கும் தகவல் வருவது அதே சென்சாரிலிருந்துதான். செல்ஃப் சுற்றும்போது முள் செத்துக்கிடந்தால் சந்தேகம் நேராக அங்கேதான் போக வேண்டும். ஆனால் சில வண்டிகளில் எல்லாம் நன்றாக இருக்கும்போதும் செல்ஃபில் முள் அசையாது. அதனால் உங்கள் வண்டி எந்த ரகம் என்பதை வண்டி நன்றாக இருக்கும் நாளிலேயே பார்த்துவையுங்கள். நின்றபிறகு பார்த்தால் எதோடு ஒப்பிடுவது?

அடுத்து அவர் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. சூட்டில் நிற்கிற வண்டியை ஆறவைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும். அதனால் என்னையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மத்தியானத்தில், ஏசியும் போட்டு, நிற்கும் வரை ஓட்டினோம். நின்றதும் கியர்பாக்ஸ் பக்கம் இருந்த சென்சாரின் ஒயரைக் கழற்றி மல்ட்டிமீட்டரை வைத்தார். ஆறியிருந்தபோது சில நூறு ஓம் காட்டிய சென்சார் இப்போது ஒன்றுமே காட்டவில்லை. உள்ளே இருக்கும் சுருளில் முடியளவு விரிசல் இருந்தால் சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் சேர்ந்துகொள்ளும் என்றார். ஒயரை மாட்டி, ஈரத்துணியைச் சென்சார்மேல் கொஞ்ச நேரம் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொன்னார். பிடித்துக்கொண்டது. வேறென்ன சாட்சி வேண்டும்?

இந்த ஓம் கணக்கு இரண்டு ஒயர் சென்சாருக்குத்தான் பொருந்தும். மூன்று ஒயர் இருந்தால் அது பெரும்பாலும் ஹால் சென்சார் (கரன்ட் கொடுத்தால்தான் வேலை செய்யும் ரகம்), அதை இப்படி அளக்க முடியாது. சிக்னல் வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். சென்சாரைக் குற்றம் சொல்லும் முன் கனெக்டரில் எண்ணெய் இறங்கியிருக்கிறதா, சைலன்சர் பக்கம் போகும் ஒயர் சூட்டில் வெந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். என் வண்டியில் ஒயர் சுத்தமாக இருந்தது. சென்சார் மட்டும் மாற்றினோம். பம்ப்புக்குச் சொன்ன விலையோடு பார்த்தால் அது சில்லறைக் காசு. அதற்குப் பிறகு மேலுமலையில் வண்டி நின்றதில்லை.

ஸ்கேனர் போட்டிருந்தால் உடனே தெரிந்திருக்காதா என்று கேட்பீர்கள். ஸ்கேனரில் இந்தக் கோளாறுக்கு வரும் எண், அதாவது கோடு (code), பி0335. ஆனால் விட்டுவிட்டு வரும் கோளாறு ஒவ்வொரு முறையும் கோடு பதிய வேண்டும் என்று சட்டமில்லை. இன்னொன்று, கோளாறைக் கருவிக்குச் சொல்லும் பொதுமுறையான ஓ.பி.டி. 2 இந்தியாவில் புதுக் கார்களுக்குக் கட்டாயமாகத் தொடங்கியது 2013-இல்தான். அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் சாக்கெட் இருக்கும், ஆனால் ஆன்லைனில் வாங்கும் புளூடூத் கருவியோடு பேசாது. ஒர்க்‌ஷாப் ஸ்கேனர்தான் வேண்டும்.

இரண்டாவதாக வந்தது மிஸ்ஸிங், அதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது. இதில் கதை சின்னது. ஐடிலில் நடுக்கம், நாலாவது கியரில் வெட்டு, செக் இன்ஜின் விளக்கு மினுமினுப்பு. அந்த விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு வந்து சேரலாம். மினுமினுத்தால் ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரியும், அதன் உள்பகுதியையே உருக்கிவிடும். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியென்றால் இதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லை. கோடு இரண்டாம் சிலிண்டரைக் காட்டினால், அதன் காயிலையும் மூன்றாவதன் காயிலையும் இடம் மாற்றி மாட்டுங்கள். பி0302 என்று வந்த கோடு பி0303 ஆனால் குற்றவாளி அந்தக் காயில். மாறாமல் இரண்டிலேயே நின்றால் பிளக், இன்ஜெக்டர், கடைசியாகக் கம்ப்ரஷன் என்று இறங்க வேண்டும். எனக்குக் காயிலோடு முடிந்தது.

மூன்றாவது, சூடு. இதற்கு நம் ஊர்த் தண்ணீரைத்தான் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணீரில் ஃப்ளோரைடு என்பது ஊரறிந்த சங்கதி; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. ரேடியேட்டரைக் கெடுப்பது ஃப்ளோரைடு இல்லை, அதே தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும்தான். பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அது ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும். எனக்கு முன் வைத்திருந்தவர் போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார். சேலத்திலிருந்து தொப்பூர் ஏறும்போது டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டும். ரேடியேட்டரை மாற்றி, கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றியபின் முள் அசையவில்லை. முள் ஏறினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டு ஓரங்கட்டுங்கள். சூட்டில் மூடியைத் திறக்காதீர்கள். கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது, கீழே ஒழுகவும் இல்லை, சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறது என்றால் இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

பெட்ரோல் பற்றியும் ஒன்று. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். அளவுக்கு மேல் சேர்ந்தால் இரண்டும் சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கிவிடும். ஐப்பசி மழையில் வாரக்கணக்கில் ஓட்டாமல் வைத்திருந்து எடுக்கும்போது வண்டி திணறினால், கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்துப் பாருங்கள். அடியில் தனி அடுக்காகத் தெரிந்தால் டேங்கைக் காலி செய்ய வேண்டியதுதான். பழைய ரப்பர் ஹோஸ்கள் இந்தப் பெட்ரோலுக்காகச் செய்தவை இல்லை என்பதால், கசியும் வரை காத்திருக்காமல் மாற்றிவிட்டேன்.

இத்தனைக்குப் பிறகும் வண்டியை விற்கவில்லை. பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்தாயிற்று. 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600-லிருந்து 5000 ஆனது கொஞ்சம் எரிச்சல்தான், மேலே பசுமை வரி வேறு. ஆனாலும் இன்ஜின் விஷயத்தில் இந்த வண்டிமேல் எனக்குக் குறை இல்லை. நின்றபோதெல்லாம் எதனால் நின்றேன் என்று அதுவே சொல்லியிருக்கிறது. இதே பழைய வண்டி வாங்கலாமா என்று கேட்டால், பக்கத்தில் மல்ட்டிமீட்டரைக் கையில் எடுக்கிற ஒரு எலக்ட்ரீஷியன் இருந்தால் வாங்கலாம் என்பேன். பார்ட்ஸை மாற்றி மாற்றிப் பார்க்கிற ஆள் மட்டும்தான் கிடைப்பார் என்றால், வண்டி விலையைவிட அதிகமாக அவருக்குக் கொடுப்பீர்கள்.

இப்போது கிளட்ச் மேலே வந்து பிடிக்கிறது. மாம்பழ சீசன் முடிந்து ரோட்டில் லாரிக் கூட்டம் குறைந்ததும் இறக்கிப் பார்க்க வேண்டும்.